தடை ஒன்று, அடி வேறு: 2022-க்குப் பின் நான்கு ரஷ்ய நிறுவனங்கள்

வோல்கா ஆற்றங்கரையில் தொல்யாட்டி என்று ஓர் ஊர். இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்கிய ஊர் அது. 1966-இல் அதே இத்தாலியிலிருந்து ஃபியட் நிறுவனம் வந்து, சோவியத் அரசுக்கு அங்கே ஒரு கார் ஆலை கட்டக் கைகொடுத்தது. லாடா கார்களைச் செய்யும் அவ்தோவாஸ் நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. ஊரில் ஏறக்குறைய ஏழு லட்சம் பேர். ஆலையில் மட்டும் பல்லாயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள். மளிகைக் கடையிலிருந்து பள்ளிக்கூடம் வரை எல்லாமே அந்த ஆலைச் சம்பளத்தை நம்பித்தான் ஓடுகின்றன.

2022 ஜூன் மாதம் அந்த ஆலையிலிருந்து கிராண்டா கிளாசிக் என்ற கார் வெளிவந்தது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் ஸ்டீயரிங் நடுவில் ஏர்பேக் இல்லை. பிரேக் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை. மோதும் நொடியில் சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கும் கருவியும் இல்லை. புகைக் கட்டுப்பாடு யூரோ-2 அளவுக்கு இறங்கியிருந்தது. இவை இல்லாமலும் கார் விற்கலாம் என்று ரஷ்ய அரசு விதியையே தளர்த்திக் கொடுத்திருந்தது. இல்லாமல் போனவை எல்லாமே ஆளின் உயிரைக் காக்கும் பொருட்கள். அவற்றைத் தயாரித்துத் தந்தவர்கள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான் காரணம்.

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த 2022 பிப்ரவரி 24-க்குப் பிறகு மேற்கு நாடுகள் போட்ட தடைகளைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. தடை பலித்ததா பலிக்கவில்லையா என்பதே பெரும்பாலும் பேச்சாக இருந்தது. நாட்டை மொத்தமாக எடுத்துக்கொண்டு கேட்டால் அதற்கு நேரான பதில் கிடைக்காது. நிறுவனம் நிறுவனமாகப் பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது. அதற்காகத்தான் கார், எரிவாயு, வங்கி, விமானம் என்று நான்கு துறைகளிலிருந்து துறைக்கொரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டேன்.

பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு விஷயம் உறுதியானது. தடைப்பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதை வைத்து அடி எவ்வளவு என்று சொல்லிவிட முடியாது. அந்த நிறுவனம் உயிர்வாழ எதை வெளியிலிருந்து வாங்குகிறது, தன் சரக்கை எந்த வழியாக வெளியே அனுப்புகிறது என்ற இரண்டு கேள்விகளைத்தான் கேட்க வேண்டும்.

சில்லு வராத ஆலை

அவ்தோவாஸை முதலில் நிறுத்தியது எந்த அரசாணையும் இல்லை. 2022 மார்ச்சிலேயே மின்னணுச் சில்லுகளும் உதிரிபாகங்களும் வரத்து நின்று, உற்பத்தி வரிசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கோடையில் விட வேண்டிய ஆலை விடுமுறையை முன்னே இழுத்து ஏப்ரல் 4 முதல் 24 வரை விட்டார்கள். வேலை இல்லாத நாட்களுக்குத் தொழிலாளிக்கு மூன்றில் இரண்டு பங்குச் சம்பளம்தான். அப்புறம் வாரத்துக்கு நான்கு நாள் வேலை என்று ஆனது.

மே மாதம் பிரெஞ்சுக் கார் நிறுவனமான ரெனோ கிளம்பியது. அவ்தோவாஸில் அதற்கு இருந்த சுமார் 68 சதவீதப் பங்கு, ரஷ்ய அரசின் வாகன ஆய்வு நிறுவனமான நாமியிடம் ஒரு ரூபிள் விலைக்குக் கைமாறியது. ஆறு ஆண்டுகளுக்குள் வேண்டுமானால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு விதி மட்டும் ஒப்பந்தத்தில் இருந்தது. ரெனோவின் கணக்குப் புத்தகத்தில் விழுந்த ஓட்டை சுமார் 220 கோடி யூரோ. அதன் மாஸ்கோ ஆலை மாநகராட்சிக்குப் போய், மாஸ்க்விச் என்ற பழைய சோவியத் பெயரில் கார் விற்கத் தொடங்கியது. உள்ளே இருந்தது சீனாவின் ஜேஏசி நிறுவனத்து வண்டி. பீட்டர்ஸ்பர்க் ஆலையை டொயோட்டா மூடியது. அதே ஊரில் இருந்த தன் ஆலையை ஹூண்டாய் பின்னர் பத்தாயிரம் ரூபிளுக்கு விற்றது. நிசான் ஒரு யூரோவுக்கு விற்றுவிட்டுப் போனது.

2021-இல் ரஷ்யாவில் விற்ற புதிய கார்கள் சுமார் 16.7 லட்சம். 2022-இல் அது சுமார் 6.9 லட்சம். அந்த ஆண்டு மே மாதத்தை மட்டும் எடுத்தால், முந்தைய மே மாதத்தோடு பார்க்க 83 சதவீதம் குறைவு. ஒரு முழுத் துறை ஒரே வசந்தத்தில் இப்படி விழுந்ததை வேறெங்கும் நான் படித்ததில்லை.

கார் ஏன் இவ்வளவு அடி வாங்கியது? ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள். அவற்றில் 99 சதவீதம் உள்ளூரில் கிடைத்தாலும் மீதி ஒரு சதவீதம் வராவிட்டால் வண்டி வரிசையை விட்டு இறங்காது. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் வாகன ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொரோனா காலத்துச் சில்லுப் பஞ்சத்தில் முடிந்த வண்டிகள் ஒரே ஒரு பாகத்துக்காகக் காத்துக் கிடந்ததை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். தொல்யாட்டியில் அதே பஞ்சம் பல மடங்காக, ஒரே மாதத்தில் வந்து இறங்கியது.

ஆனால் விழுந்தது எழுந்தது. பிரேக் கருவிகளும் பிறவும் சீனாவிலிருந்து வரத் தொடங்கின. விட்டுப்போனவை காருக்குள் படிப்படியாகத் திரும்பின. நின்றுபோயிருந்த வெஸ்டா கார் 2023-இல் மறுபடி வந்தது. லாடா விற்பனை 2023-இல் 3.24 லட்சம், 2024-இல் 4.36 லட்சம். போட்டிக்கு நின்ற கொரிய, ஜப்பானிய, ஐரோப்பியக் கார்கள் போய்விட்டதால் லாடாவுக்கு இடம் கிடைத்தது. அந்த இடத்தின் பெரும்பகுதியைச் சீனக் கார்கள் பிடித்துக்கொண்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குழாயைத் திருப்ப முடியாது

இந்த ஆய்வில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது காஸ்ப்ரோம். உலகின் மிகப் பெரிய எரிவாயு நிறுவனங்களில் ஒன்று. 2022 ஆம் ஆண்டு அது சம்பாதித்த லாபம் சுமார் 1.2 லட்சம் கோடி ரூபிள். 2023-இல் 62,900 கோடி ரூபிள் நட்டம். 1999-க்குப் பிறகு அது ஆண்டு நட்டம் காட்டியது அப்போதுதான்.

இத்தனைக்கும், குழாய் வழியாக வரும் ரஷ்ய எரிவாயுவை வாங்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் அப்போது தடை போடவே இல்லை. போட்டால் குளிர்காலத்தில் சொந்த வீடே உறையும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. அப்படியானால் காஸ்ப்ரோம் எப்படி விழுந்தது? பாதி அதன் சொந்த அரசின் கைங்கரியம். எரிவாயுவுக்கு ரூபிளில் பணம் கட்ட வேண்டும் என்று 2022 மார்ச் இறுதியில் மாஸ்கோ ஆணையிட்டது. கட்ட மறுத்த போலந்துக்கும் பல்கேரியாவுக்கும் ஏப்ரல் 27-இல் வரத்து நின்றது. மற்ற நாடுகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அப்புறம் அந்த டர்பைன் கதை. பால்டிக் கடலடியில் ஜெர்மனிக்குப் போகும் நார்டு ஸ்ட்ரீம் குழாயில் வாயுவைத் தள்ளிவிடும் டர்பைன்களில் ஒன்று பழுதுபார்க்கக் கனடாவின் மான்ட்ரியலுக்குப் போயிருந்தது. கனடா போட்ட தடையால் அங்கேயே மாட்டிக்கொண்டது. ஜெர்மனி கெஞ்சிக் கேட்டு, விலக்கு வாங்கி, அதைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தது. காகிதங்கள் சரியில்லை என்று காஸ்ப்ரோம் வாங்கிக்கொள்ள மறுத்தது. 2022 ஆகஸ்ட் 3 அன்று ஜெர்மன் பிரதமர் ஷோல்ஸ், ம்யூல்ஹைம் நகரில் அந்த டர்பைன் பக்கத்திலேயே நின்று, இது வேலை செய்கிறது, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று உலகத்துக்குக் காட்டினார். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. குழாயில் வரத்து ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் முழுதாக நின்றது. செப்டம்பர் 26-இல் கடலடி வெடிப்பு குழாய்களையே உடைத்துவிட்டது.

2022-இல் லாபம் கொட்டியதற்கும் அடுத்த ஆண்டே நட்டம் வந்ததற்கும் காரணம் ஒன்றுதான். வரத்து குறைந்தபோது விலை தாறுமாறாக ஏறியது. குறைவாக விற்றும் நிறையச் சம்பாதித்தார்கள். விலை இறங்கியதும் கையில் இருந்தது குறைந்த விற்பனை மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவிலிருந்து வாங்கிய மொத்த எரிவாயு, கப்பலில் வரும் திரவ வாயுவையும் சேர்த்து, 2021-இல் 15,000 கோடி கனமீட்டருக்கு மேல். 2023-இல் சுமார் 4,300 கோடி. உக்ரைன் வழியாக மிச்சமிருந்த குழாயும் 2025 ஜனவரி 1-இல் ஓய்ந்தது.

சீனாவுக்கு விற்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஐரோப்பாவுக்கு வாயு போனது மேற்கு சைபீரியாவின் யமால், உரெங்கோய் வயல்களிலிருந்து. 2019-இல் திறந்த சீனக் குழாயோ கிழக்கு சைபீரியாவின் வேறு வயல்களிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் இடையே இணைப்புக் குழாய் இல்லை. மேற்கு வயல்களிலிருந்து சீனாவுக்கு ஒரு புதுக் குழாய் போடும் பேச்சு ஆண்டுக்கணக்காக இழுத்து, 2025 செப்டம்பரில்தான் ஓர் உடன்பாட்டுக் குறிப்பு அளவுக்கு வந்தது.

எண்ணெய் நிறுவனங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரஷ்யக் கச்சா எண்ணெய்க்கு ஐரோப்பா கடல்வழித் தடை போட்டது, 2022 டிசம்பர் 5 முதல் பீப்பாய்க்கு 60 டாலர் என்று விலை உச்சவரம்பும் வந்தது. காகிதத்தில் எரிவாயுவைவிட எண்ணெய்க்குத்தான் தடை கடுமை. ஆனால் எண்ணெய் கப்பலில் போகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்துக்குப் போக வேண்டிய கப்பல் குஜராத்துக்குத் திரும்பியது. போருக்கு முன் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு இரண்டு சதவீதத்தை எட்டவில்லை; 2023-இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. ரஷ்யக் கம்பெனிகள் தள்ளுபடி கொடுக்க வேண்டியிருந்தது, பழைய கப்பல்களை நாட வேண்டியிருந்தது. இருந்தும் விற்பனை நிற்கவில்லை.

குழாயின் மறுமுனையில் இருந்தவர்களும் தப்பவில்லை. காஸ்ப்ரோமின் பெரிய ஜெர்மன் வாடிக்கையாளரான யூனிப்பர், வராத வாயுவுக்குப் பதிலாகச் சந்தையில் கண்ட விலைக்கு வாங்கிக் கொடுத்தே திவாலாகும் நிலைக்கு வந்தது. 2022-இல் அதன் நட்டம் சுமார் 1,900 கோடி யூரோ. ஜெர்மன் அரசு அதைத் தன் உடைமையாக்கிக் காப்பாற்றியது.

பட்டியலில் முதல் பெயர், லாபத்திலும் முதல் பெயர்

ஸ்பெர்பேங்க் ரஷ்யாவின் மிகப் பெரிய வங்கி. அடிக்கக் குறிவைத்த இடங்களில் முதன்மையானது. படையெடுப்பு நடந்த ஒரு வாரத்துக்குள் வியன்னாவில் இருந்த அதன் ஐரோப்பியக் கிளை நிறுவனம் வைப்புதாரர்கள் பணத்தை எடுக்க ஓடியதில் கவிழ்ந்தது. லண்டன் சந்தையில் அதன் பங்குச் சான்றின் விலை ஒரு சென்ட் வரை போனது. நாடுவிட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் சுவிஃப்ட் தகவல் வலையிலிருந்தும் ஜூன் மாதம் நீக்கினார்கள். 2021-இல் 1.25 லட்சம் கோடி ரூபிளாக இருந்த லாபம் 2022-இல் 30,000 கோடிக்கும் கீழே வந்தது. வெளிநாட்டு வியாபாரம் அதிகம் வைத்திருந்த விடிபி வங்கி அதே ஆண்டு 61,000 கோடி ரூபிளுக்கு மேல் நட்டம் காட்டியது.

அடுத்த ஆண்டே ஸ்பெர்பேங்கின் லாபம் 1.5 லட்சம் கோடி. 2024-இல் 1.58 லட்சம் கோடி. அதன் வரலாற்றில் அதுவரை அவ்வளவு சம்பாதித்ததில்லை.

முதல் கேள்வியையே இங்கும் கேட்டால் விடை தெரிகிறது. இந்த வங்கி வெளியிலிருந்து வாங்குவது என்ன? பெரிதாக ஒன்றும் இல்லை. அதன் கச்சாப் பொருள் ரஷ்யக் குடும்பங்களின் சேமிப்பு. அதன் சரக்கு ரூபிள் கடன். இரண்டும் நாட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. விசாவும் மாஸ்டர்கார்டும் வெளியேறியபோதும் உள்நாட்டில் அட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. 2014-இல் உக்ரைனின் கிரீமியாவை இணைத்துக்கொண்ட பின் வந்த தடைகளில் பாடம் கற்று ரஷ்யா தனக்கென ஒரு பணப் பரிமாற்ற அமைப்பைக் கட்டி வைத்திருந்தது. வெளிநாட்டு வங்கிகள் ஒதுங்கின. பணத்தை வெளியே கொண்டுபோக முடியாதவர்கள் உள்ளூர் வங்கியில்தான் போட வேண்டும். போர்ச் செலவு, அரசு மானியத்தில் வீட்டுக்கடன் எல்லாம் அதே கவுன்டர் வழியாகத்தான் போயின.

இந்த லாபத்தைப் பார்த்துத் தடை தோற்றுவிட்டது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தப்பிக்க வழியில்லாத வாடிக்கையாளர்கள் மாட்டிக்கொண்ட சந்தையில் வங்கி சம்பாதிப்பது அந்த நாட்டின் நலத்துக்கு அடையாளம் ஆகாது.

வயலில் இறங்கிய விமானம்

ஏரோஃப்ளோட் உள்ளிட்ட ரஷ்ய விமான நிறுவனங்கள் ஓட்டியவை பெரும்பாலும் போயிங், ஏர்பஸ். அவற்றில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவை அயர்லாந்து போன்ற நாடுகளின் குத்தகை நிறுவனங்களுக்குச் சொந்தம். குத்தகையை முடித்து விமானத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று தடை சொன்னது. பெர்முடாவில் பதிவான விமானங்களின் பறக்கும் தகுதிச் சான்றுகளை அந்தத் தீவின் அரசு 2022 மார்ச் 12-இல் நிறுத்தி வைத்தது. இரண்டே நாளில் ரஷ்யா, அந்த விமானங்களை உள்நாட்டில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் போட்டது. விமானங்கள் அங்கேயே நின்றன. டப்ளினில் இருக்கும் ஏர்கேப் என்ற குத்தகை நிறுவனம் அந்தக் காலாண்டில் மட்டும் சுமார் 270 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. காப்பீட்டுக் கம்பெனிகளோடு வழக்காடி 2025-இல் லண்டன் நீதிமன்றத்தில் வென்றது.

ஏரோஃப்ளோட் குழுமத்தின் பயணிகள் எண்ணிக்கை 2021-இல் 4.58 கோடி, 2022-இல் 4.07 கோடி, 2024-இல் 5.53 கோடி. இதைப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றும். விமானத் துறையில் அடி உடனே தெரியாது, அது இருப்பில் இருந்து தேய்கிறது. 2023-இல் ஏரோஃப்ளோட் ஒரு ஏர்பஸ் ஏ330-ஐப் பராமரிப்புக்கு ஈரானுக்கு அனுப்பியது. பல ஆண்டுகளாகத் தடைக்குள் வாழ்ந்து பழகியவர்களிடம்.

அதே ஆண்டு செப்டம்பர் 12. சோச்சியிலிருந்து ஓம்ஸ்க் போன யூரல் ஏர்லைன்ஸ் ஏ320-இல் ஹைட்ராலிக் அமைப்பு பழுதானது. விமானி அதை நொவோசிபிர்ஸ்க் பகுதியில் ஒரு கோதுமை வயலில் இறக்கினார். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. பழுதுக்குத் தடைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பின்னால் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அந்த விமானத்தை வயலிலேயே வேலி போட்டுக் காவல் வைத்து, குளிரில் மண் இறுகிய பிறகு அங்கிருந்தே பறக்க வைக்கலாமா என்று மாதக்கணக்கில் யோசித்தார்கள். கடைசியில் பாகங்களுக்காகப் பிரித்தெடுப்பது என்று முடிவானது. புதிதாக ஒன்று வாங்க வழியில்லாத நிறுவனம், வயலில் கிடப்பதைக்கூட எளிதில் விட்டுவிடாது. உள்நாட்டில் செய்யும் எம்சி-21 விமானம் வந்து இந்தக் குறையை நிரப்பும் என்றார்கள். இறக்குமதிப் பாகங்களை நீக்கி மறுபடி வடிவமைக்க வேண்டியிருப்பதால் அதன் தேதி தள்ளித் தள்ளிப் போகிறது.

உரம், இந்த வரிசையில் ஒரு வரி போதும்: உலகத்துக்குச் சோறு வேண்டும் என்பதால் அதற்கு விலக்கு கொடுத்தார்கள், ரஷ்ய உர நிறுவனமான பாஸ்அக்ரோ 2022-இல் சாதனை லாபம் பார்த்தது.

பட்டியலுக்கு வெளியே விழும் அடி

தடை போடுகிறவர்களே பின்வாங்கிய சம்பவம் ஒன்று இதற்கு முன்பே உண்டு. 2018 ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா, ரஷ்யத் தொழிலதிபர் ஒலெக் டெரிபாஸ்காவையும் அவர் பிடியில் இருந்த ரூசால் அலுமினிய நிறுவனத்தையும் பட்டியலில் சேர்த்தது. அடுத்த வர்த்தக நாளில் ஹாங்காங்கில் ரூசால் பங்கு பாதியாக விழுந்தது. ஆனால் இரண்டு வாரத்துக்குள் உலக அலுமினிய விலை டன்னுக்குச் சுமார் 2,000 டாலரிலிருந்து 2,700 வரை ஏறியது. அயர்லாந்தில் ரூசாலுக்குச் சொந்தமான அலுமினா ஆலை நின்றுபோகுமோ என்று ஐரோப்பிய உருக்காலைகள் பதறின. காலக்கெடு மீண்டும் மீண்டும் நீண்டது. டெரிபாஸ்கா தன் பிடியைத் தளர்த்தியதும் 2019 ஜனவரியில் ரூசால் மீதான தடை விலகியது. நிறுவனம் எவ்வளவு பேருக்குத் தேவையோ அவ்வளவு அதற்குக் காப்பு.

நமக்குப் பக்கத்திலும் ஒன்று நடந்தது. குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு இரண்டு கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் நயாரா எனர்ஜியில் ரஷ்ய எண்ணெய் நிறுவனமான ராஸ்நெஃப்ட்டுக்கு 49.13 சதவீதப் பங்கு. 2025 ஜூலை 18-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைப் பட்டியலில் சேர்த்தது. இந்தியச் சட்டப்படி இந்தியாவில் இயங்கும் நிறுவனம். எண்ணெய் வரும், விற்க ஆயிரக்கணக்கான சொந்தப் பெட்ரோல் பங்குகள் உள்நாட்டிலேயே இருக்கின்றன. ஆனால் ஜூலை 22-இல் ஊழியர்களின் அவுட்லுக் மின்னஞ்சலும் டீம்ஸும் திறக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியிருந்தது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது, மாத இறுதிக்குள் சேவை திரும்பியது. கப்பல்காரர்களும் தயங்கியதால் ஆலை சில காலம் முழுத் திறனில் ஓட முடியவில்லை.

வெளியிலிருந்து எதை வாங்குகிறோம் என்று கணக்கெடுக்கும்போது எஞ்சினும் சில்லும்தான் நினைவுக்கு வரும். மின்னஞ்சலை யாரும் அந்தப் பட்டியலில் எழுதியிருக்க மாட்டார்கள்.

மறுபடி தொல்யாட்டி

போர்ச் செலவு விலைவாசியைத் தள்ளியது. அதைப் பிடிக்க ரஷ்ய மத்திய வங்கி 2024 அக்டோபரில் வட்டியை 21 சதவீதமாக்கியது. வைப்புப் பணம் ஸ்பெர்பேங்கில் குவிந்தது. கடன் வாங்கிக் கார் வாங்குகிறவர்கள் ஒதுங்கினார்கள். 2025 முற்பாதியில் லாடா விற்பனை சுமார் கால் பங்கு குறைந்தது. சில்லு இருந்தது, ஏபிஎஸ் இருந்தது, வாங்க ஆள் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 29 முதல் அவ்தோவாஸ் தொழிலாளிகளுக்கு மறுபடியும் வாரத்துக்கு நான்கு நாள் வேலை என்று ஆனது.